பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடாது

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் சர்வர் நான் வேலை செய்யும் அதே மெஷினில்தான் ஓடுகிறது. 5432 போர்ட் திறந்திருக்கிறது, பாஸ்வேர்டும் சரி. டேட்டாபேஸுக்குக் கட்டளை அடிக்கும் பிஎஸ்க்யூஎல் கன்சோலைத் திறந்தால் ‘பீர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’! பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லையே, அப்புறம் எதில் ஃபெயில்? உபுண்டுவில் லோக்கல் சாக்கெட் வழியாக, அதாவது நெட்வொர்க்கைத் தொடாமல் மெஷினுக்குள்ளேயே போனால் லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கும், அதுதான் அந்த ‘பீர்’ சோதனை. அதை அந்த எரர் வரியிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? ஹோஸ்ட் என்று லோக்கல்ஹோஸ்ட்டை (இதே மெஷினின் நெட்வொர்க் பெயர்) கொடுத்தால் மட்டும் அதே ஆளை அதே பாஸ்வேர்டோடு உள்ளே விடுகிறது!

சரி, வேறு யூசராக இயங்கவிடும் சூடோ கட்டளை போட்டு போஸ்ட்கிரஸ் யூசராகவே நுழைந்தாச்சு. குவெரி அடித்து என்டர் தட்டினால் மௌனம். எரரும் இல்லை, பதிலும் இல்லை. குவெரியை முடிக்கும் செமிகோலன் விட்டுப்போயிருக்கும். வரியின் தொடக்கத்தில் கன்சோல் காட்டும் =# என்பது -# ஆக மாறியிருக்கும், அவ்வளவுதான் அறிகுறி. நடுராத்திரியில் அந்த ஒற்றைக் கோட்டை யார் கவனிப்பார்கள்? மேற்கோளை மூடாமல் விட்டால் இன்னும் மோசம். '# வந்து நிற்கும். பிறகு செமிகோலன் போட்டாலும் அதையும் எழுத்தாகவே விழுங்கும். ‘குவிட்’ என்று அடித்து வெளியேற முடிந்ததே 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்துதான். மேற்கோளுக்குள் மாட்டிக்கொண்டால் அதுவும் செல்லாது, முதலில் கன்ட்ரோல்-சி. வெளியே போவதற்குமா இத்தனை பாடு?