கற்றாழையும் பூனையும்: ஒரு சின்னத் திருத்தம்

அண்ணாச்சி, 'கற்றாழை மனுசனுக்கே மருந்து, பூனை கடித்தால் ஒன்றும் ஆகாது' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது சரியில்லை.

நாம் தின்பது நடுவில் இருக்கும் சோற்றை மட்டும்தான். அதையும் ஏழு தண்ணீரில் அலசச் சொல்வார்கள் நம் ஆச்சிமார். ஏன்? ஒரு மடலை அறுத்துச் சாய்த்து வைத்துப் பாருங்கள். தோலை ஒட்டி மஞ்சளாக ஒரு பால் வடியும், கடுங்கசப்பு. வயிற்றைக் கலக்குவது அதுதான். பூனை என்ன, தோலைச் சீவிவிட்டா தின்னும்? மடலோடு கடிக்கும். வாந்தி, பேதி வரலாம், சோர்ந்து படுத்துவிடலாம்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஏஎஸ்பிசிஏ என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பின் தளத்தில் செடிப் பட்டியல் இருக்கிறது. 'ஆலோ வெரா' என்று தேடினால் பூனைக்கு நச்சு என்றே காட்டும். கற்றாழைக் குட்டி மாதிரியே இருக்கும் ஹாவோர்த்தியா என்ற செடிக்கு நச்சில்லை என்று வரும், அதனால் செடியின் தாவரப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்.

செடியைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் தொட்டி இப்போது ஜன்னலுக்கு வெளியே கம்பியில் தொங்குகிறது.