குமாரி கமலா அறிமுகமானது காரைக்குடியிலா?

நடனக் கலைஞரும் நடிகையுமான குமாரி கமலாவைப் பற்றி மேலே உள்ள பதிவில் ஓர் அண்ணன், 'குமாரி கமலா முதன்முதலில் கேமரா முன் ஆடியது நம்ம காரைக்குடியில், நாம் இருவர் படத்துக்காக' என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்தும் வருகிறீர்கள். இதில் ஒரு பகுதி உண்மை. 1947 பொங்கலுக்கு வந்த அந்தப் படம் காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோவில்தான் எடுக்கப்பட்டது. பாடகி டி.கே. பட்டம்மாள் பாட, 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' பாட்டுக்கு அந்தச் சிறுமி ஆடியதை நாடே கொண்டாடியது. சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு வந்த ஆட்டம் அது. நமக்குப் பெருமைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அது அவருடைய முதல் படம் இல்லை. 1943-இல் வந்த கிஸ்மத், ராம் ராஜ்யா இந்திப் படங்களிலேயே அவர் இருக்கிறார். அப்புறம் தமிழில் 1944-இல் ஜகதலப்பிரதாபன், 1945-இல் ஏவி.எம். நிறுவனர் மெய்யப்பன் எடுத்த ஸ்ரீ வள்ளி. நாம் இருவர் வந்தபோது அவர் ஏற்கெனவே பெயர் தெரிந்த குழந்தை நட்சத்திரம்.

சரிபார்ப்பது சுலபம். அந்தக் காலத்தில் படத்தோடு விற்ற பாட்டுப் புத்தகங்களில் நடிகர் பட்டியல் இருக்கும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்தில் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த நூல்களைச் சேகரித்த ரோஜா முத்தையாவும் நம்ம காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர்தான். அங்கே போக முடியாதவர்கள் கிஸ்மத்தின் நடிகர் பட்டியலையும் வெளியான ஆண்டையும் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் பதிவில் 'முதன்முதலில்' என்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதும்; மற்றது அப்படியே இருக்கட்டும்.