தேர்வில்லாமல் வி.ஏ.ஓ. வேலையா? அந்த மெசேஜ் தவறு

"டெல்டா மாவட்டங்களில் வி.ஏ.ஓ. பணிக்குத் தேர்வு கிடையாது, பத்தாவது போதும், தாலுகா ஆபீசில் நேரடி நியமனம், முன்பதிவுக்குப் பணம் கட்டுங்கள்" என்று தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இதில் பத்தாவது தேர்ச்சி என்பது மட்டும்தான் சரி.

வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலரை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு மூலம்தான் எடுக்கிறார்கள். ஒரே எழுத்துத் தேர்வு: 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நேர்முகத் தேர்வு இல்லை, ஆகவே "ஆள் பிடிக்க" இடமும் இல்லை. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? தலையாரி என்று நாம் சொல்லும் கிராம உதவியாளரைத் தாசில்தார்தான் நியமிக்கிறார். அது வேறு பணி. நெல் கொள்முதல் நிலையத்துக்கு அடங்கலில் (சாகுபடிப் பதிவு) கையெழுத்துப் போடுகிறவர் வி.ஏ.ஓ.; அவருக்கு உதவியாக இருப்பவர் தலையாரி. "எங்க தாத்தா கர்ணம், எனக்கு முன்னுரிமை உண்டு" என்பாரும் உண்டு. கர்ணம் என்ற கிராமக் கணக்கர் பதவி வாரிசுக்குப் போன அந்தப் பரம்பரை முறையை 1980-லேயே ஒழித்தாயிற்று.

அறிவிப்பு, கட்டணம் எல்லாம் tnpsc.gov.in தளத்தில் இருக்கும். அங்கே பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். அந்த மெசேஜ் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடாமல் அழித்துவிடுங்கள்.