சாருக்கு எதற்கு டேட்டா பூஸ்டர்?

அருப்புக்கோட்டையில் செல்போன் கடை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. ரீசார்ஜ், டெம்பர்டு கிளாஸ், டிஸ்ப்ளே மாற்றுவது, புது சிம், இதுதான் பிழைப்பு. எங்கள் தெருவில் பாதிப் பேருடைய யூபிஐ பின் எனக்குத் தெரியும். நானாக ஒருவரிடமும் கேட்டதில்லை. கடையில் நான்கு பேர் நிற்கும்போதே போனை நீட்டி, "தம்பி, நீயே போட்டு விடு, மூணு ஒன்பது..." என்று சத்தமாகச் சொல்வார்கள். "ஐயோ, சொல்லாதீங்கம்மா" என்றால், "உன்கிட்ட என்னப்பா" என்பார்கள். அந்த "உன்கிட்ட என்னப்பா"வில்தான் என் கடையே ஓடுகிறது. திருடன் தொழிலும் அதில்தான் ஓடுகிறது.

சென்ற வருடம் நடந்த ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் சாரிடமே கேட்டேன். "எழுது, பேர் மட்டும் வேண்டாம்" என்றார். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம், மகள் பெங்களூரில்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்கு வந்தார். "டேட்டா தீர்ந்துபோச்சுப்பா, ஏதாவது பூஸ்டர் போடு" என்றார். போட்டுவிட்டேன். அவருடையது ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக். காலையில் பக்தி வீடியோ இரண்டு பார்த்து, மகளோடு கொஞ்ச நேரம் பேசுகிற மனிதர். அத்தனை வருடத்தில் அவர் பூஸ்டர் கேட்டதே இல்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடையில் கூட்டம்.

மறுநாள் மூன்று மணிக்குத் திரும்ப வந்தார். இன்னொரு பூஸ்டர். அன்றுதான் கவனித்தேன். சட்டைப் பையில் போன், கேமரா வெளியே பார்த்தபடி இருந்தது. "சார், கேமரா ஓடுதே" என்றேன். உதட்டில் விரல் வைத்தார். மேஜையில் கிடந்த பழைய பில்லைத் திருப்பி, என் பேனாவை எடுத்து எழுதினார்: "போலீஸ். பேசாதே." கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு குண்டான கையெழுத்து. கொஞ்சம் நடுங்கியிருந்தது.

புரிந்துவிட்டது. எட்டிப் பையிலிருந்து போனை எடுத்தேன். கை சுட்டது, அவ்வளவு சூடு. திரையில் காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, ஏதோ ஒரு முத்திரை. கட் செய்து, போனையே அணைத்துவிட்டேன். அப்போது சார் பயந்தாரே, அது என்னைப் பார்த்து. "ஏன்டா இப்படிப் பண்ணின? உன்னையும் சேர்த்துத் தூக்கிருவாங்க" என்றார். என்னைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார் மனிதர்.

கதை நீங்கள் கேள்விப்பட்டதுதான். அவருடைய ஆதாரில் வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் போயிருக்கிறதாம், அதில் போதைப்பொருளாம். மும்பை போலீஸ், அப்புறம் சிபிஐ. "டிஜிட்டல் அரெஸ்ட்". கேமரா முன்னால் உட்கார வேண்டும், கழிவறைக்குப் போவதென்றாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், மகளுக்குச் சொன்னால் மகளும் குற்றவாளி. பணம் சுத்தமான பணம்தானா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்குமாம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுமாம். புதன் காலை பதினோரு மணிக்கு வங்கிக்குப் போய், வைப்பு நிதியை உடைத்து, 6 லட்சத்து 80 ஆயிரத்தை ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் எதற்கு என்று கேட்டிருக்கிறது. "மகள் வீடு வாங்குறா" என்றாராம். அந்தப் பொய்யையும் அவர்களே சொல்லிக்கொடுத்து, இரண்டு முறை ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள். வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளைப் பாடம் ஒப்பிக்க வைத்தவர்.

நான் சொல்லி அவர் நம்பவில்லை. பக்கத்து டீக்கடையில் எங்களுக்குத் தெரிந்த ஏட்டு ஒருவர் இருந்தார், கூட்டிவந்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், நாங்க கைது பண்ணணும்னா ஜீப்புல வருவோம். போன்ல வந்து இருபத்திநாலு மணி நேரம் உங்களையே பாத்துட்டு இருக்க எங்ககிட்ட ஏது ஆளு?" அதைக் கேட்ட பிறகுதான் சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூன்றரை மணிக்கு, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குப் போன் போட்டோம்.

நான் பூஸ்டர் போட்டது செவ்வாய் மதியம். பணம் போனது புதன் காலை. "என்ன சார், திடீர்னு இவ்வளவு டேட்டா?" என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்... இதை நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு.

சரி, இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "படிச்ச மனுஷன், எப்படி ஏமாந்தார்?" இந்தக் கேள்வி மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. பஞ்சாப் லூதியானாவில் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். எங்கள் ஊரில் நூல் மில்லோடு தொடர்புள்ளவர்களுக்குத் தெரிந்த பெயர். பத்மபூஷண் வாங்கியவர். 2024இல் அவரையே இப்படி வீடியோவில் உட்காரவைத்து, போலியாக ஒரு உச்ச நீதிமன்ற விசாரணை நடத்தி, ஒருவன் தலைமை நீதிபதியாகவே நடித்து, 7 கோடி பறித்தார்கள். அவருக்கு இல்லாத வக்கீலா, ஆடிட்டரா? அவர் சீக்கிரம் புகார் கொடுத்ததில் 5 கோடியே 25 லட்சம் அளவுக்கு மீட்டார்கள். அப்புறம் வெட்கப்பட்டு மறைக்காமல் பத்திரிகைக்காரர்களிடம் அவரே பேசினார். ஏமாந்ததை விட அந்த இரண்டும்தான் எனக்குப் பெரிய செய்தி.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் கம்மி. ஆளைத் தனியாக்குவதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். பதினான்கு வருடமாக என் மேஜைக்கு வந்த அத்தனை கதையையும் போட்டுப் பார்த்துவிட்டேன். "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஒரு மெசேஜ் வருமே, அது ஏன் ஒன்பதரை? இருட்டு பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நேரத்தில் ஈபி ஆபீஸில் பில் விஷயம் கேட்க ஆள் இருக்காது. கேட்க ஆளில்லாத நேரத்தில்தான் கெடுவே வைக்கிறான். டெலிகிராமில் "ஹோட்டலுக்கு ரேட்டிங் போடுங்க, காசு வரும்" என்று சேர்க்கிறார்களே, அங்கே வேறு தினுசு. முதலில் நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே வரும். அப்புறம் ஆயிரம் கட்டு, ஐயாயிரம் கட்டு. குரூப்பில் இருநூறு பேர் "எனக்கு வந்துவிட்டது" என்று ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். இருநூறும் அவன் ஆள்தான். நிஜமான ஆள் நீங்கள் ஒருவர் மட்டும்.

வெட்கம் வேறு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு காலேஜ் பையன், ராத்திரி வந்த ஆபாச வீடியோ காலை எடுத்து, அதைப் பதிவு செய்து பணம் கேட்டு மிரட்டுகிறவனிடம் மாட்டிக்கொண்டு, மறுநாள் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே வாசலில் நின்றான். அண்ணே, நம்பர் மாத்தணும் என்றான், காரணம் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவனிடம் நான் சொன்னது மூன்றே விஷயம். ஒரு பைசா கொடுக்காதே, கொடுத்தால் நாளைக்கும் கேட்பான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிளாக் பண்ணு. வீட்டில் ஒரு ஆளிடமாவது சொல்லு. மூன்றாவதைச் சொன்னதும் அழுதுவிட்டான். அக்காவிடம் சொன்னான். விஷயம் அங்கேயே முடிந்தது.

எங்கள் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகையைத் திறந்தான். தெரிந்த நம்பரிலிருந்துதான் வந்தது. பத்திரிகை எப்போதும் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், இது ஏபிகே. அப்படியென்றால் அது ஒரு ஆப். நிறுவிவிட்டால் மெசேஜ்களைப் படிக்கிற அனுமதி கேட்கும், நாமும் எப்போதும் போல "அலவ்" என்று தட்டிவிடுவோம். அதற்குப் பிறகு ஓடிபியை நாம் யாருக்கும் சொல்ல வேண்டாம், அதுவே எடுத்து அனுப்பிக்கொள்ளும். இவன் கேலி பண்ணுவார்களே என்று வெளியே சொல்லாமல் இருந்தான். சாயங்காலத்துக்குள் அவன் நம்பரிலிருந்தே சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் பத்திரிகை போயிருந்தது. காலையிலேயே ஸ்டேட்டஸில் "என் நம்பரிலிருந்து எது வந்தாலும் திறக்காதீங்க" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

அதனால்தான் "ஓடிபி சொல்லாதீர்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது போதாது என்கிறேன். சாரிடம் யாரும் ஓடிபி கேட்கவில்லை. வங்கியில் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போலீஸ் என்று எவன் சொன்னாலும், சிபிஐ என்றாலும், வீடியோவில் கைது செய்ய இந்த நாட்டில் சட்டம் கிடையாது. அதுதான் விஷயம். ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் சைபர் குற்ற எச்சரிக்கை ட்யூன் ஓடிய மாதங்களில் நாம் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

யாராவது பணம் போய்விட்டது என்று வந்தால் "எப்படிப் போச்சு?" என்று கேட்காதீர்கள். "எப்போ போச்சு?" என்று கேளுங்கள். 1930க்குச் சொன்னதும், பணம் போன கணக்கு எந்த வங்கியோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கே கிடந்தால் எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள். ஆனால் திருடன் சும்மா இருக்க மாட்டான். ஒரு கணக்கிலிருந்து பத்துக்கு, பத்திலிருந்து ஐம்பதுக்கு என்று பிரித்துக்கொண்டே போவான், கடைசியில் எங்கேயோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாகிவிடும். நாம் மானத்தை நினைத்து உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் அவனுக்குப் போனஸ். சாருக்கு நாலரை மணி நேரம் தாமதம். 1 லட்சத்து 90 ஆயிரம் மட்டும் மாட்டியது. அதுவும் கோர்ட் உத்தரவு வந்துதான் கைக்குக் கிடைக்கும், இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

அந்தப் பத்துக் கணக்கு யாருடையது தெரியுமா? எல்லாம் வடநாட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் இரண்டு பையன்கள் வந்தார்கள். வங்கிக் கணக்கு, ஏடிஎம் கார்டு எல்லாம் ரெடி, அதோடு சேர்த்துக் கொடுக்க ஒரு புது சிம் வேண்டும் என்றார்கள். யாருக்குக் கொடுக்க என்றேன். "ஒருத்தர் கமிஷன் தர்றார்ணே, கணக்கை அவர் யூஸ் பண்ணிக்குவார்." வாடகைக்கு சைக்கிள் விடுவது போலச் சொல்கிறான். சார் மாதிரி ஒருவருடைய பணம் முதலில் விழுவது இந்தக் கணக்கில்தான், போலீஸ் முதலில் வந்து நிற்பதும் இவன் வீட்டு வாசலில்தான். சிம் தர மாட்டேன் என்று விரட்டினேன். வேறு எங்காவது வாங்கியிருப்பார்கள்.

போன் பண்ணுகிறவன் கதையும் சில சமயம் வேறாக இருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மியாவடிப் பக்கம் அடைத்துவைத்து, அடித்து இந்த வேலையைச் செய்யவைத்த இளைஞர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. 2022இல் சிலரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அதற்காக மிரட்டுகிறவனிடம் இரக்கம் காட்டி லைனில் இருக்கச் சொல்லவில்லை, வையுங்கள் போனை.

என் தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சக கடைக்காரர்கள் மன்னிக்கவும். சிம் வாங்கும்போது "ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நிஜமாகவே விழாமலும் போகும், வேலை செய்து ரேகை தேய்ந்த கைகள் இங்கே நிறைய. ஆனால் இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரிலேயே இன்னொரு சிம் எடுத்து விற்கிற கைகளும் இருக்கின்றன. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டும். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். போன மாதம் ஒரு பூக்கார அம்மாவுக்குப் பார்த்தேன், ஐந்து காட்டியது. அவரிடம் இருப்பது ஒரு பட்டன் போன்.

சார் இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறார். எது வந்தாலும் போனைக் கண்ணாடி மேஜை மேல் வைத்து "இதைப் பாரு" என்பார். முந்தாநாள் வைத்தது, மிச்சமிருக்கிற சின்ன வைப்பு நிதி முதிர்கிறது என்று வங்கியிலிருந்து வந்த மெசேஜ். நிஜ மெசேஜ்தான் சார் என்றேன். "நீ சொன்னா ஆச்சா?" என்று பாஸ்புக்கை எடுத்தார். முதல் பக்கத்தில் இருந்த கிளை நம்பருக்கு என்னையே போட்டுக் கேட்கச் சொன்னார். போட்டேன். நான்கு தடவை முழுசாக மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டார்.