மும்பை தாதர் ஸ்டேஷன்ல பிளாட்பார்ம் நம்பர் மாத்தினது தப்பா?

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. திருநெல்வேலி போற சாளுக்யா எக்ஸ்பிரஸைக் கோட்டை விட்டுட்டு ஒருத்தர், "பிளாட்பார்ம் நம்பரை மாத்தி ஜனங்களைக் குழப்புறாங்க"ன்னு கத்துறாரே, அதேதான். கீழே கமெண்ட்ல நம்ம ஆளுங்களும் ஆமாம் சாமி போடுறாங்க.

ஐயா, குழப்பமே பழைய நம்பர்தான்!

தாதர் ரெண்டு ரயில் கம்பெனியோட ஸ்டேஷன். கிழக்கே, 1853ல் போரிபந்தர்லேர்ந்து தானேவுக்கு வண்டி விட்ட ஜிஐபி (கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே). மேற்கே பிபி அண்ட் சிஐ (பாம்பே, பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வே). 1951ல் இதுங்க சென்ட்ரல் ரயில்வே, வெஸ்டர்ன் ரயில்வேன்னு ஆனப்பவும் அவங்கவங்க பிளாட்பார்மை 1லேர்ந்துதான் எண்ணினாங்க. ஸ்டேஷன் கோடு இன்னிக்கும் வேற வேற: சென்ட்ரலுக்கு டிஆர், வெஸ்டர்னுக்கு டிடிஆர். "நாலாம் நம்பர்ல நில்லு"ன்னா எந்த நாலு?

டிசம்பர் 2023ல்தான் இதுக்கு விடிவு: ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வரிசை நம்பர். வெஸ்டர்ன் 1 முதல் 7 அப்படியே இருக்கு. சென்ட்ரல் 8 முதல் 14. மேற்கே பூ மார்க்கெட் பக்கம் 1, கிழக்கே போகப் போக ஏறும். பழைய சென்ட்ரல் நம்பரோட 6 கூட்டுங்க. 1க்கு மட்டும் 7, ஏன்னா 2ஐ எடுத்துட்டு 1ஐ அகலப்படுத்திட்டாங்க. இவ்வளவுதான் கணக்கு.

"வயசானவங்க பாவம்"ங்கறார் ஒருத்தர். சரி, பழகின கால் பழைய இடத்துக்குத்தான் போகும், ஒத்துக்கறேன். "எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் பேரை பிரபாதேவி ஆக்கின மாதிரிதானே"ன்னு இன்னொருத்தர். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? "மும்பைத் தமிழன்னா ரயில்வேக்கு ஜால்ரா"ன்னு வேற. ரொம்ப நன்றி. தினம் அந்தக் கூட்டத்துல நசுங்குறவன் ஜால்ரா, வருஷத்துக்கு ஒருதரம் பெட்டியோட இறங்குறவர் நிபுணர்!

தப்பான நம்பருக்குப் போனவர் பீக் அவர்ல பாலத்து நடுவுல திரும்பினா பின்னாடி வர்ற மொத்தக் கூட்டமும் நிக்கும். பாலத்துல கூட்டம் நின்னா என்ன ஆகும்னு செப்டம்பர் 29, 2017ல் அடுத்த ஸ்டேஷனான அதே எல்பின்ஸ்டன் ரோட்ல பார்த்தோம். 23 பேர் செத்தாங்க. அங்கே நம்பர் பிரச்சினை இல்ல. மழைக்கு ஒதுங்கின கூட்டமும் குறுகலான படிக்கட்டும். அந்தப் படிக்கட்டுக்காக இப்படிக் கத்தி எத்தனை வீடியோ வந்துச்சு? ஒரு வண்டி போனதுக்கு இவ்வளவு கோபம் வருது இல்ல?

ஊர்லேர்ந்து வர்றவங்ககிட்ட இனிமே "சென்ட்ரல் நாலு"ன்னு சொல்லாதீங்க, 10னு சொல்லுங்க. டிக்கெட்ல போட்டிருக்கற கோடையும் ஒருதரம் பார்த்துக்கச் சொல்லுங்க.