பூஞ்சை பிடித்த கடலையை வறுத்தால் நஞ்சு போய்விடுமா?

"பூஞ்சை பிடித்த நிலக்கடலையைத் துடைத்து, வெயிலில் காயவைத்து வறுத்தால் போதும்; அப்போதும் மனம் ஒப்பவில்லையென்றால் மாட்டுக்குப் போடுங்கள்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வறுக்கும்போது பூஞ்சை சாகும், உண்மைதான். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற அந்தப் பூஞ்சை பருப்புக்குள் விட்டுச்சென்ற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வேறு பொருள். அது சிதைய 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். வீட்டு வாணலியில் வறுத்தால் கொஞ்சம் குறையலாம், முழுவதும் போகாது. துடைத்தாலும் கழுவினாலும் உள்ளே இறங்கியது வராது. இது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி செய்யப்பட்ட நஞ்சு. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மாட்டுக்குப் போடலாம் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 1960-இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனத்தால் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. பசு தின்றால் அதில் ஒரு பங்கு எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் அழியாது. அந்தப் பாலை அதிகம் குடிப்பவர்கள் நம் வீட்டுக் குழந்தைகள்.

சொத்தை, சுருங்கல், நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். செக்குக்கும் அனுப்பாதீர்கள், சுத்திகரிக்காத எண்ணெயிலும் நஞ்சு கொஞ்சம் இறங்கும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். அறுவடையானதும் கடலையை நன்றாகக் காயவைத்து, ஈரம் ஏறாத இடத்தில் மூட்டையை வையுங்கள்.