நாகேஷுக்குத் தேசிய விருது கிடைக்கவே இல்லையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், ‘நாகேஷுக்குக் கடைசிவரை ஒரு தேசிய விருதுகூடத் தரவில்லை’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. 1994-இல் வந்த ‘நம்மவர்’ படத்துக்காக, 42-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது பெற்றார். நடிகர் ஆசிஷ் வித்யார்த்தியும் அந்த விருதை அவரோடு பகிர்ந்துகொண்டார். தேடுவோர் ‘சிறந்த நடிகர்’ வரிசையை மட்டும் பார்த்துவிட்டு ‘பெயரே இல்லை’ என்கிறார்கள். துணை நடிகர் வரிசையைப் பாருங்கள். அவருக்குக் கிடைக்காதது பத்ம விருது. இந்தக் குழப்பமும் சேர்ந்துகொண்டது.

‘வெறும் காமெடியன்’ என்பதும் சரியல்ல. ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக உடைந்து அழுகிறார். அதே 1994-இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணம்: வசனம் கிடையாது, கண் அசையாது, துவண்ட உடம்பு மட்டுமே நடிக்கிறது. என்ன அபாரமான கட்டுப்பாடு!